மோட்டார் ஓடுது, தண்ணீர் வரலை: குளத்தில் போட்ட குழாய் ஏன் அடைக்கிறது?

பெரியப்பாவின் பண்ணைக் குட்டையில் இரண்டு மூன்று வருடம் ஒரே கதைதான். நடுராத்திரி ஒன்றரை மணிக்கு த்ரீ பேஸ் கரண்ட் வரும். எழுந்து போய் மோட்டாரைப் போடுவார். பத்து நிமிடம் கடலைக்கு ஜோராகத் தண்ணீர் பாயும். அப்புறம் வாய்க்காலில் நீர் மெலியும், குழாய் வாய் காற்றும் நீருமாகத் துப்பும், கடைசியில் மோட்டார் மட்டும் வெறுமனே இரைந்துகொண்டிருக்கும். "லைட்டைச் சரியாப் பிடிடா" என்று என்னைக் கரையில் நிறுத்திவிட்டு, மோட்டாரை அணைத்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, குழாய் நுனியில் சல்லடையோடு இருக்கும் ஃபுட்வால்வைத் தூக்குவார். அதைச் சுற்றிப் பச்சைப் பாசி தலைப்பாகை கட்டியதுபோல் இருக்கும்.

ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர், ஹெச்பி பத்தவில்லை, பெரிய மோட்டார் போடுங்கள் என்றார். இன்னொருவர், வலைக் கண் பெரிது, கொசுவலையைச் சுற்றிக் கட்டுங்கள் என்றார். பழைய நூல் சேலைதான் சரி என்று சத்தியம் செய்தவரும் உண்டு. மூன்றையும் செய்து பார்த்தார். அடைப்பு குறையவில்லை, முன்னைவிடச் சீக்கிரமாக வந்தது.

இந்த மூன்று யோசனைகளும் ஏன் எதிர்மாறாக வேலை செய்தன என்று புரிந்துவிட்டால், அடைப்பைப் பற்றித் தெரியவேண்டியதில் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

இளநீரும் வழுக்கையும்

இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும்போது, முடிகிற நேரத்தில் ஒரு துண்டு வழுக்கை ஸ்ட்ராவின் வாயில் வந்து ஒட்டிக்கொள்ளும். இன்னும் பலமாக உறிஞ்சினால் என்ன ஆகிறது? இன்னும் இறுக ஒட்டுகிறது. காகித ஸ்ட்ராவாக இருந்தால் அதுவே நசுங்கிப் போகும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே நாம் மூன்று காரியம் செய்கிறோம். உறிஞ்சுவதை நிறுத்துகிறோம். லேசாக ஊதிவிடுகிறோம். ஸ்ட்ராவைக் கொஞ்சம் மேலே தூக்கி வேறு இடத்தில் வைக்கிறோம்.

குளத்தில் நடப்பதும் இதேதான். நாம் மட்டும் அங்கே போனதும் ஸ்ட்ராவை மறந்துவிட்டுப் பலமாக உறிஞ்சப் பார்க்கிறோம்.

மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை

கரையில் இருக்கும் பம்புக்கும் குட்டைக்கும் நடுவே போகும் குழாய்தான் உறிஞ்சு குழாய். அதன் நுனியில் தண்ணீருக்குள் கிடப்பது ஃபுட்வால்வு: உள்ளே வரும் நீரை விட்டு, திரும்பிப் போகும் நீரைத் தடுக்கும் ஒரு கதவு, அதைச் சுற்றி ஓட்டை போட்ட ஒரு சல்லடைக் கூடு. மோட்டார் நின்ற பிறகும் குழாயில் தண்ணீர் நிற்பது அந்தக் கதவால்தான்.

பம்பு தண்ணீரைப் பிடித்து இழுக்கிறது என்று நினைக்கிறோம். தண்ணீர் என்ன, கயிறா? அதைப் பிடித்து இழுக்க முடியாது. பம்புக்குள் சுற்றும் இம்பெல்லர் என்ற இறக்கைச் சக்கரம் தன்னிடம் உள்ள நீரை வெளியே வீசுகிறது. அதனால் அங்கே அழுத்தம் குறைகிறது. வெளியே குட்டையின் மேல் வானம் வரை நிற்கும் காற்றோ எப்போதும் நீரை அழுத்திக்கொண்டே இருக்கிறது. உள்ளே அழுத்தம் குறைந்ததும் அந்தக் காற்றுதான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றிவிடுகிறது. பம்பின் வேலை வழிவிடுவது, காற்றின் வேலை தள்ளுவது.

காற்றின் பலத்துக்கு எல்லை உண்டு. கடல் மட்டத்தில் அது தாங்கி நிற்கக்கூடிய நீர்த்தூணின் உயரம் சுமார் 10.3 மீட்டர். உறிஞ்சு பம்புகள் ஓர் உயரத்துக்கு மேல் நீரை ஏற்றுவதில்லை என்பதைக் கலிலியோ 1638-இல் அச்சான தம் நூலிலேயே எழுதியிருக்கிறார். காரணம் காற்றின் அழுத்தம்தான் என்று அவருக்குப் பின் வந்த டொரிசெல்லி பாதரசக் குழாயை வைத்துக் காட்டினார். ஊட்டி உயரத்தில் காற்று மெலிவு, அங்கே இந்தத் தூண் எட்டு மீட்டருக்கும் குறைவு. எத்தனை ஹெச்பி மோட்டார் வாங்கினாலும் இந்த எல்லை ஒரு சாண் கூட உயராது.

பத்து மீட்டர் சம்பளம்

இந்தப் பத்து மீட்டரை மாதச் சம்பளம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். முதல் தேதியே பிடித்தம் ஆரம்பித்துவிடும்.

பம்பு நீர்மட்டத்திலிருந்து 5 மீட்டர் மேலே இருந்தால், ஏற்றத்துக்கு மட்டும் 5 போய்விட்டது. குழாயின் உரசல், வளைவுகள் எல்லாம் சேர்த்து ஒரு மீட்டர் என்று வைப்போம். பம்பு ஒழுங்காக ஓட அதன் வாசலில் மிச்சம் இருந்தே ஆகவேண்டிய அழுத்தம் பம்புக்குப் பம்பு மாறும், இங்கே 3 என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் வெயிலில் 30 டிகிரி நீர் ஆவியாகாமல் இருக்க இன்னொரு 0.4. கூட்டினால் 9.4. சம்பளம் 10.3. கையில் மிச்சம் 0.9 மீட்டர்.

சல்லடையில் பாசி பிடிப்பது, இலை ஒட்டுவது, வலையில் சேறு அப்புவது எல்லாம் இந்த 0.9 மீட்டருக்குள் அடங்கவேண்டும். அடங்காவிட்டால் பம்புக்குள்ளேயே நீர் கொதிக்க ஆரம்பிக்கும். சூட்டினால் வரும் கொதிப்பு இல்லை, அழுத்தம் குறைந்ததால் வருவது. அப்படி உண்டாகும் ஆவிக் குமிழிகள் அடுத்த நொடியே நொறுங்கி, இம்பெல்லரின் உலோகத்தைக் கொத்திக் குழி போடும். இதற்குப் பெயர் கேவிட்டேஷன். பம்புக்குள் ஜல்லி உருளுகிற மாதிரிச் சத்தம் கேட்டால், உள்ளே கல் எதுவும் போயிருக்கத் தேவையில்லை. இந்தக் குமிழிகளே அப்படிச் சத்தம் போடும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நீரைத் தள்ளுவது காற்று. அதன் பலம் பத்து மீட்டர் சொச்சம்தான். மற்ற செலவு போகச் சல்லடைக்கு மிஞ்சுவது சில்லறை.

"நேற்று வரை நன்றாகத்தானே ஓடியது?"

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. அடைப்பு பல நாளாகச் சேர்ந்திருக்கும், தண்ணீர் மட்டும் திடீரென்று நிற்கும். இந்தப் புதிருக்கு விடை ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது.

ஓட்டை வழியே நீர் புகும்போது இழக்கும் அழுத்தம், வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் இழப்பு நான்கு மடங்கு, வேகம் மூன்று மடங்கானால் இழப்பு ஒன்பது மடங்கு.

சல்லடை சுத்தமாக இருக்கும்போது இழப்பு 0.1 மீட்டர் என்று வைப்போம். பாதி ஓட்டைகள் அடைந்தால், அதே நீர் மிச்சப் பாதி வழியாக இரட்டை வேகத்தில் புகவேண்டும். இழப்பு 0.4. வாய்க்காலில் நிற்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது, ஏனென்றால் கையில் 0.9 இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு அடைந்தால்? வேகம் மூன்று மடங்கு, இழப்பு 0.9. சம்பளம் துடைத்துப் போயிற்று. இதற்கு மேல் ஒரு வேப்பிலை ஒட்டினால் போதும்.

இதில் இன்னொரு விஷமும் உண்டு. ஓட்டைகள் அடைய அடைய, திறந்திருக்கும் ஓட்டைகளில் வேகம் கூடுகிறது. வேகம் கூடினால் அது இன்னும் தூரத்துக் குப்பையையும் வாரி இழுக்கிறது, ஒட்டியதை இன்னும் இறுக்குகிறது. அடைப்பு அடைப்பை வளர்க்கும். இழுக்கும் நீரைக் கூட்டிய பெரிய மோட்டார் ஏன் சீக்கிரம் நின்றது என்பதற்கும் இதுதான் பதில்.

ஊதினால் அணையும், உறிஞ்சினால் அணையாது

அகல் விளக்கை ஓரடி தள்ளி நின்று ஊதி அணைத்துவிடலாம். அதே தூரத்திலிருந்து காற்றை உறிஞ்சி அணைத்துப் பாருங்கள். எவ்வளவு முயன்றாலும் சுடர் அசையாது. ஊதும்போது காற்று ஒரே கற்றையாக ஒரு திசையில் போகிறது. உறிஞ்சும்போது மேலே, கீழே, பக்கத்தில் என்று எல்லாத் திசையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. அதனால் வாயை விட்டுச் சற்று நகர்ந்தாலே வேகம் செத்துவிடுகிறது.

குழாய் வாய்க்கும் இதே விதி. வினாடிக்குப் பத்து லிட்டர் எடுக்கும் ஒரு மூன்று அங்குலக் குழாயை எடுத்துக்கொள்வோம். ஐந்து ஹெச்பி மோட்டார் நடுத்தர ஏற்றத்தில் ஏறக்குறைய இவ்வளவு தரும். குழாயின் வாயில் நீரின் வேகம் வினாடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல். வாய் நீரின் நடுவே தொங்கினால், 10 சென்டிமீட்டர் தள்ளி அது வினாடிக்கு 8 சென்டிமீட்டர்தான். 30 சென்டிமீட்டர் தள்ளி ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரு மீட்டர் தள்ளினால் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே.

அதாவது, குழாய் குளத்தையே உறிஞ்சுவதுபோல் நமக்குத் தோன்றினாலும், அதன் பிடி ஒரு முழத்துக்கு மேல் எட்டாது. சேற்றில் கிடக்கும் ஃபுட்வால்வை ஒன்றரை அடி மேலே தூக்கிக் கட்டினால், சேற்றைப் பொறுத்தவரை அந்தக் குழாய் இல்லாத மாதிரிதான். ஒரு முழக் கயிறு செய்கிற வேலையை ஐயாயிரம் ரூபாய் ஃபில்டர் செய்யாது என்பது என் கட்சி.

சன்ன வலை என்னும் பொறி

டீ வடிகட்டியில் தூள் சேர்ந்தால் டீ இறங்காமல் நிற்கும். ஒரு தட்டு தட்டினால் இறங்கும். குளத்தில் தட்ட ஆள் இல்லை. கொசுவலையை ஃபுட்வால்வின் மேல் இறுக்கிக் கட்டினால் மூன்று தவறு ஒரே நேரத்தில் நடக்கிறது.

முதலாவது, வலையில் நூல் அடைக்கும் இடம் அதிகம், திறந்த இடம் குறைவு. இரண்டாவது, வலை சல்லடையோடு ஒட்டிக் கிடப்பதால், சல்லடை ஓட்டைக்கு நேராக இருக்கும் வலைக்கண்கள் மட்டுமே வேலை செய்யும், மற்றது சும்மா. மூன்றாவது, பம்பு வலியே இல்லாமல் விழுங்கித் துப்பிவிடக்கூடிய பொடிப் பாசியையும் மெல்லிய வண்டலையும்கூட வலை பிடித்து வைத்துக்கொள்கிறது. சேலை இந்த மூன்றிலும் கொசுவலைக்கு அண்ணன்.

பம்புக்குத் தேவை சுத்தமான தண்ணீர் இல்லை. இம்பெல்லரில் சிக்காத தண்ணீர் போதும். குச்சி, கல், நத்தை, நீளநீளமான பாசிக் கற்றை, பிளாஸ்டிக் பை, இவை உள்ளே போகக்கூடாது. மற்றது போகட்டும். சொட்டுநீர்க் குழாய் வைத்திருக்கிறவர்களுக்குச் சன்னமான வடிகட்டல் தேவைதான், ஆனால் அதை பம்புக்கு அப்புறம் வையுங்கள். அந்தப் பக்கம் செலவழிக்க மோட்டாரின் முழு அழுத்தம் இருக்கிறது. உறிஞ்சும் பக்கம் இருப்பதோ அந்த 0.9 சில்லறைதான்.

சுருக்கமாக: சல்லடையின் கண் சன்னமாக இருப்பதால் அடைப்பு குறையாது. கண்ணருகே நீர் மெதுவாக வரவேண்டும். சல்லடையின் முகத்தை நோக்கி நீர் வந்துசேரும் இந்த வேகத்தை அணுகு வேகம் என்று வைத்துக்கொள்வோம். அதைக் குறைக்க ஒரே வழி, நீர் நுழையும் பரப்பைப் பெரிதாக்குவது.

டிரம்முக்கு ஒரு கணக்கு

சல்லடைத் துளைகளின் மொத்தத் திறப்பு, குழாயின் வாய்ப் பரப்பைப் போல மூன்று நான்கு மடங்காவது இருக்கவேண்டும் என்பது பம்பு தொழிலில் பழைய விதி. கிணற்றுத் தண்ணீருக்கு அது போதும். பாசிக் குட்டைக்குப் போதாது.

கடைசியில் பெரியப்பா செய்தது இதுதான். 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்றை வாங்கினார். கெமிக்கல் வந்த டிரம் வேண்டாம் என்று பார்த்து வாங்கினார். பக்கச் சுவர் முழுக்க 12 மில்லிமீட்டர் டிரில் பிட்டால், இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகத் துளை போட்டோம். ஏறக்குறைய 600 துளை. இரண்டு நாள் ஆயிற்று. கை ஒரு வாரம் வலித்தது. டிரம்மின் வாய் வழியாக ஃபுட்வால்வை உள்ளே இறக்கி, சுவரில் எந்தப் பக்கமும் படாமல் நடுவில் நிற்கும்படிக் கட்டி, மூடியை மூடினோம்.

கணக்கைப் பாருங்கள். மூன்று அங்குலக் குழாயின் வாய்ப் பரப்பு சுமார் 44 சதுர சென்டிமீட்டர். 600 துளைகளின் மொத்தம் 680 சதுர சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே, அதாவது குழாயைப் போல பதினைந்து மடங்கு. வினாடிக்குப் பத்து லிட்டர் எடுத்தால், துளைக்குள் வேகம் 15 சென்டிமீட்டர். டிரம்மின் சுவர் ஒன்றரை சதுர மீட்டருக்கு மேல் இருப்பதால், சுவரை நோக்கி வரும் அணுகு வேகம் வினாடிக்குச் சுமார் அரை சென்டிமீட்டர்தான். நத்தைகூட இதை எதிர்த்துப் போகும் என்று சொன்னால் கொஞ்சம் மிகை. மீன் குஞ்சு போகும் என்று தாராளமாகச் சொல்லலாம்.

அந்த 15 சென்டிமீட்டர் தற்செயலாக வந்த எண் இல்லை, அதை மனதில் வைத்துத்தான் துளைகளை எண்ணினோம். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2014-இல் மின் நிலையங்களின் நீரெடுப்பு வாய்களுக்கு விதி வகுத்தபோது, மீன்கள் வலையில் சிக்காமல் இருக்க ஏற்றுக்கொண்ட வழிகளில் ஒன்று, வலைக்கண்ணில் வேகத்தை வினாடிக்கு அரை அடிக்குள் வைப்பது. அரை அடி என்றால் 15 சென்டிமீட்டர். மீன் தப்பிக்கும் வேகத்தில் பாசியும் அவ்வளவாக அப்பாது.

அப்பாது என்றால் ஒட்டவே ஒட்டாது என்று அர்த்தமில்லை. ஒட்டும், ஆனால் அழுத்திப் பிடிக்காது. மோட்டார் நின்றதும் தானாகக் கழன்று விலகும். டிரம் இல்லாத காலத்தில் என்ன நடந்தது? மூன்று அங்குல வாயை ஒரு பிளாஸ்டிக் பை முழுக்க மூடிவிட்டால், உள்ளும் வெளியும் ஐந்து மீட்டர் நீர்த்தூண் அளவு அழுத்த வித்தியாசம் வரும். அந்த பையை அழுத்திப் பிடிக்கும் விசை இருபது கிலோவுக்கு மேல். கையால் பிய்த்தாலும் வராது, மோட்டாரை நிறுத்தினால் தானே விழும். குட்டையில் பிளாஸ்டிக் ஷீட் விரித்திருப்பவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவேண்டும். சுருக்கம் விழுந்த ஷீட் குழாய் வாயில் ஒட்டிக் கிழிந்தால், அப்புறம் குட்டையில் தண்ணீரே தங்காது.

இதே காரணத்தால்தான், மோட்டார் ஓடும்போது யாரும் உறிஞ்சு வாய்ப் பக்கம் இறங்கக்கூடாது. மதகு திறந்திருக்கும்போது அதன் அருகே நீந்தக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதும் இதற்குத்தான். கரண்ட் ஆபத்து தனி. இறங்குவதற்கு முன் சுவிட்சை மட்டும் நம்பாமல் ஃபியூஸையும் பிடுங்கிவிடுங்கள்.

எங்கே தொங்கவிடுவது?

குளத்தை ஒரு டம்ளர் மோர் மாதிரிப் பாருங்கள். மேலே ஒன்று மிதக்கும், அடியில் ஒன்று படியும். குளத்தின் மேல்பரப்பில் இலை, பாசி, ஆகாயத்தாமரை. அடியில் சேறு. நடுவில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது.

நம் ஊர் ஏரிகளைக் கட்டியவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கிறது. புதுக்கோட்டைப் பக்கம் பழைய கண்மாய்களில், கரையிலிருந்து தள்ளி நீருக்குள் இரண்டு கல் தூண்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். குமிழித்தூம்பு அது. தூண்களுக்குக் கீழே ஒரு கல் தொட்டி. அதன் மேல் மூடியில் ஒரு பெரிய துளை, பெயர் நீரோடி. கீழே சிறு துளைகள், பெயர் சேறோடி. நீரோடியை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கினால், மேலே இருந்து நீர் இறங்கும்போதே அடியிலிருந்து சேறும் கொஞ்சம் இழுபட்டு, இரண்டும் கலந்து வயலுக்குப் போகும். அங்கே சேறு வேண்டும், அது உரம். நமக்கு வேண்டாம், பம்பு அதைத் தாங்காது. ஆனால் எந்த ஆழத்தில் வாய் வைத்தால் எது வரும் என்ற அறிவு ஒன்றுதான்.

குட்டையில் நீர்மட்டம் ஏறி இறங்குவதால் வாயை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்க முடியாது. அதற்கு மிதவை. மூடி இறுக்கிய இரண்டு வெறும் கேன்களைக் கட்டி, அதிலிருந்து இரண்டு மூன்று அடி கீழே தொங்கும்படி டிரம்மை விடலாம். வெறும் டிரம் மிதக்கப் பார்க்கும், உள்ளே நாலு செங்கல் போடுங்கள். மோட்டாரிலிருந்து வரும் கடைசிப் பகுதி மட்டும் வளையும் குழாயாக இருக்கவேண்டும், அதுவும் உள்ளே கம்பிச் சுருள் வைத்த உறிஞ்சு ஹோஸ். சாதாரண ஹோஸ் அந்தக் காகித ஸ்ட்ரா மாதிரி நசுங்கிவிடும்.

ரொம்ப மேலே தூக்கினால் வேறு தொல்லை. குளியலறைத் தொட்டியில் தண்ணீர் வடியும்போது கடைசியில் சுழி விழும் இல்லையா? அதே சுழி குழாய் வாய்க்கு மேலும் விழும். அந்தச் சுழி நடுவில் காற்றையும், சுற்றியுள்ள மேல்பரப்புக் குப்பை அத்தனையையும் உள்ளே கொண்டுபோகும். கோடையில் நீர் வற்றி ஆழம் கிடைக்காவிட்டால், வாய்க்கு நேர் மேலே ஒரு பலகையை மிதக்கவிடுங்கள். சுழி பிடிக்க இடமில்லாமல் போகும். செலவில்லாத இந்த வித்தையைப் பெரிய பம்பு நிலையங்களிலும் செய்கிறார்கள்.

ஆகாயத்தாமரைக்கு இன்னொன்று. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி, உரம் கலந்த தேங்கிய நீர் கிடைத்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். அது காற்றுப் போக்கில் ஒதுங்குவது. ஆடிக் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது எல்லாம் வடகிழக்கு மூலையில் போய்க் குவிந்திருக்கும். மோட்டார் கொட்டகை அந்த மூலையில் இருந்தால் வருடத்தில் நாலு மாதம் போராட்டம்தான். கொட்டகையை நகர்த்த முடியாது, ஆனால் வாயைச் சுற்றி நாலடி தள்ளி மூங்கில் தட்டி நட்டு ஒரு வெளி வேலி போடலாம். வேலிக்குத் தண்ணீரைத் தடுக்கும் வேலை இல்லை, பெரியதை மட்டும் தள்ளி வைத்தால் போதும்.

அடைப்பா, காற்றா, வாசரா?

தண்ணீர் வராவிட்டால் அடைப்பு என்று நேராகக் குட்டையில் இறங்கிவிடுகிறோம். ஒரே அறிகுறியில் மூன்று வியாதி ஒளிந்திருக்கிறது.

நன்றாக ஆரம்பித்து, போகப்போக மெலிந்து, நிறுத்திப் போட்டால் மறுபடி கொஞ்ச நேரம் ஓடினால், அது சல்லடை அடைப்பு. நிறுத்தியதும் ஒட்டியது கழல்கிறது, ஓடியதும் மீண்டும் ஒட்டுகிறது.

தினமும் காலையில் தண்ணீர் ஊற்றினால்தான் எடுக்கிறது, எடுத்த பிறகு குறையில்லாமல் ஓடுகிறது என்றால், ஃபுட்வால்வின் கதவு மூடவில்லை. வாசர் தேய்ந்திருக்கும், அல்லது ஒரு குச்சி இடுக்கில் மாட்டியிருக்கும். சாணியைக் கரைத்து ஊற்றிச் சமாளிப்பது ஊர் வழக்கம். அது அன்றைய பொழுதுக்குத்தான்.

எந்நேரமும் நீரோடு காற்றும் கலந்து துப்பினால், உறிஞ்சு குழாயில் எங்கோ கசிவு, அல்லது மேலே சொன்ன சுழி. உறிஞ்சும் பக்கக் கசிவில் நீர் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. மோட்டார் ஓடும்போது ஜாயின்ட்டின் மேல் சோப்பு நுரையைத் தடவுங்கள். நுரை உள்ளே இழுபடும் இடத்தில் கசிவு.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. அடைப்பு வந்தால் மோட்டாருக்கு லோடு ஏறி, உள்ளே சுற்றியிருக்கும் காயில் கம்பி எரியும் என்பார்கள். இம்பெல்லர் வைத்த இந்தப் பம்புகளில் நடப்பது நேர்மாறு. வீச நீர் குறைந்தால் வேலை குறைவு, ஆம்பியரும் இறங்கும். தண்ணீரில்லாமல் மோட்டார் ஓடுவதைத் தடுக்கக் கடையில் விற்கும் ட்ரை ரன் பாதுகாப்புப் பெட்டிகள் இந்த இறக்கத்தைப் பார்த்துத்தான் மோட்டாரை நிறுத்துகின்றன. கெடுதல் வேறு வழியில் வருகிறது. உள்ளே நிற்கும் கொஞ்ச நீரும் சூடேறி, சீல் கருகும். நீர்மூழ்கி மோட்டாருக்குத் தன்னைச் சுற்றியுள்ள நீர்தான் விசிறி. அதன் உடம்பில் சேறும் பாசியும் போர்த்திவிட்டால் ஆம்பியர் குறைவாக இருந்தும் காயில் எரியும்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான்

நீர்த்தேக்கங்களில் கோபுரம் கட்டிப் பல உயரங்களில் வாய் வைப்பார்கள், அந்தந்தப் பருவத்தில் நல்ல நீர் நிற்கும் மட்டத்தில் எடுக்க. கோடையில் மேலடுக்கில் பாசி, அடியடுக்கில் ஆக்சிஜன் இல்லாமல் இரும்பும் மாங்கனீசும் கரைந்த நீர். வாய்க்கு முன்னால் கம்பித் தட்டி, அதற்குப் பின் ஓயாமல் சுழன்று தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் வலை. சிறிய அளவில் இதே தத்துவத்தில் சுழலும் சல்லடைகளும் விற்கின்றன: பம்பின் நீரில் ஒரு சிறு பங்கை உள்ளிருந்து பீய்ச்சி, ஒட்டியதை வெளியே தள்ளும். இளநீர் ஸ்ட்ராவை ஊதிவிடுவதுதான், வேறென்ன.

எவ்வளவு பெரிய இடமானாலும் தப்ப முடியாத நாட்களும் உண்டு. கல்பாக்கம் அணுமின் நிலையம் கடலுக்கடியில் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் சுரங்கம் வழியாகக் குளிர்விக்கும் நீரை எடுக்கிறது. கூட்டமாக வரும் ஜெல்லி மீன்கள் அங்கே பழைய தலைவலி. சுவீடனில் ஓஸ்கர்ஷாம் அணு உலையை 2013-இல் ஜெல்லி மீன்கள் அடைத்து நிறுத்தியே விட்டன.

நம் டிரம்முக்கு வருவோம். போட்டு நாலு மாதம் கழித்து, கடலை அறுத்த பிறகு, கழுவலாம் என்று கரைக்கு இழுத்தோம். வெளிச்சுவரில் மெல்லிய பாசி, நத்தை முட்டைகள். துளைகளில் பத்தில் ஒன்றுகூட அடையவில்லை. மூடியைத் திறந்து கவிழ்த்தபோது செங்கற்களோடு உள்ளங்கை அகல ஜிலேபி மீன் ஒன்று வந்து விழுந்தது. 12 மில்லிமீட்டர் துளையில் குஞ்சாக நுழைந்து, வெளியே போக முடியாத அளவுக்கு உள்ளேயே வளர்ந்திருக்கிறது. ஃபுட்வால்வுக்கு ஒரு சாண் தூரத்தில், ராத்திரி ராத்திரி மோட்டார் ஓடிய நாலு மாதமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. பெரியப்பா அதை எடுத்துக் குட்டையிலேயே விட்டுவிட்டார்.